நான்கு விரல் கடல்

இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகர்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். குடிநீர் வாரியத்தின் கடிதப் பிரிவில் முப்பத்தோராண்டுகள் எழுத்தராக இருந்து, சென்ற ஆண்டு ஓய்வு பெற்றவன். குழாய் உடைந்துவிட்டது என்று நான் ஒருபோதும் எழுதியதில்லை. 'குழாயின் தற்போதைய நிலை குறித்துத் தங்கள் மேலான கவனம் பணிவுடன் வேண்டப்படுகிறது' என்றே எழுதிவந்தேன். உடன் பணிபுரிந்தோர் எனக்குப் 'பணிவன்புடன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "பணிவன்புடன் சாப்பிட்டாச்சா?" என்பார்கள். நானும் ஆயிற்று என்பேன். பின்வரும் பக்கங்களில் யாரையேனும் குறைகூறுவதுபோல் ஒரு வாக்கியம் தென்பட்டால், அது பயிற்சிக் குறைவால் நேர்ந்தது என்று கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

என் தந்தையார் பதினோராண்டுகள் படுக்கையில் இருந்தார். பார்த்துக்கொண்டவள் என் மனைவி. தந்தையாரின் தலைமாட்டில் ஒரு பித்தளை மணி இருந்தது. தண்ணீருக்கு ஒரு முறை, புரண்டு படுப்பதற்கு இரண்டு முறை அடிப்பார். மணி ஓய்வதற்குள் அவள் எழுந்திருப்பாள். அவர் காலமாகி எட்டு மாதங்கள் ஆன பிறகும், தெருவில் மிதிவண்டி மணி கேட்டால் அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்து, காலால் செருப்பைத் தேடுவாள். பிறகு நினைவு வந்து, என்னைப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இந்நிலையில், பேறுகாலத்துக்காக மகள் வீட்டுக்கு அவள் புறப்பட வேண்டியிருந்தது. அங்கே குறைந்தது ஐந்து மாதங்கள். புறப்படுவதற்கு முன் மூன்று நாட்கள் மிச்சமிருந்தன. "உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்று கேட்டேன். அப்படி நான் கேட்டது அதுவே முதன்முறை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அவள் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கணும்."

"கரையிலயா?"

"கரையில எவளாவது போய்ப் படுப்பாளா? கட்டில்லங்க. காலையில கண்ணு முழிச்சா எதிர்ல கடல் இருக்கணும். நான் எந்திரிக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி."

விருந்தோம்பல் வாரியம் நடத்தும் கடலோர விடுதியொன்றின் கையேடு என்னிடம் இருந்தது. அதில் 'கடல் நோக்கிய அறைகள்' என்று அச்சிட்டிருந்தார்கள். இரண்டு இரவுகளுக்குப் பதிவு செய்தேன்.

விடுதி நான்கு மாடிக் கட்டடம். வாயிலில் 'விருந்தினர் இல்லம்' என்று பெரிய இரும்பு எழுத்துகளில் பெயர் பொறித்திருந்தார்கள். உப்புக் காற்றில் கடைசி எழுத்து அரித்து விழுந்துவிட்டபடியால், 'விருந்தினர் இல்ல' என்று இருந்தது. என் மனைவி அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தாள். "நாம திரும்பிடலாமா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள்.

மின்தூக்கியின் கதவில் 'இன்று மட்டும் இயங்காது' என்று எழுதியிருந்தது. எண்ணெய் வண்ணத்தில் எழுதியிருந்தார்கள். வெளிறிய எழுத்துகளின் மேல் புதிதாக இன்னொரு பூச்சும் கொடுத்திருந்தார்கள். நீச்சல் குளத்தில் நாற்காலிகள் அடுக்கப்பட்டிருந்தன. வரவேற்பாளர் பதினெட்டுக் கட்டங்கள் கொண்ட படிவம் ஒன்றைத் தந்தார். 'வருகையின் நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதலாம் என்று மனைவியைக் கேட்டேன். "படுக்கிறதுன்னு எழுதுங்க" என்றாள். நான் 'ஓய்வு' என்று எழுதினேன்.

எங்கள் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. குளிரூட்டி சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டுவதற்கென ஒரு வாளி வைத்திருந்தார்கள். குளியல் துண்டு உப்பேறி விறைத்துப்போய், விரித்த வாக்கிலேயே சுவரோரம் நின்றது. இவை எதையும் நான் குறையாகச் சொல்லவில்லை. கடல் இருக்க வேண்டிய பக்கத்தில் மட்டும், மாடத்தின் கண்ணாடிக் கதவை மறைத்துக்கொண்டு, ஆளுயரத்துக்கும் மேலான சாம்பல் நிற இரும்பு அலமாரி ஒன்று நின்றது. நானும் மனைவியும் சேர்ந்து தள்ளிப் பார்த்தோம். அதன் கால்கள் சிமெண்டில் புதைக்கப்பட்டிருந்தன.

கீழே இறங்கினேன்.

"ஐயா, தொந்தரவுக்கு மன்னிக்கணும். கடல் நோக்கிய அறை கேட்டிருந்தோம்…"

"அதைத்தானே சார் குடுத்திருக்கோம்" என்றார் வரவேற்பாளர்.

"கடல் தெரியலைங்களே."

"சார், நல்லாப் படிங்க. கடல் நோக்கிய அறை. அறை கடலை நோக்கி இருக்கு. கட்டின நாள்லேர்ந்து அது அந்தப் பக்கம்தான் பார்த்துக்கிட்டு நிக்குது. நீங்க பார்ப்பீங்கன்னு நாங்க எங்கயாவது எழுதியிருக்கோமா?"

கையேட்டை எடுத்துப் படித்தேன். எழுதியிருக்கவில்லை. இலக்கணப்படி அவர் கூறியது முற்றிலும் சரி: நோக்குதல் என்னும் வினைக்கு அறையே எழுவாய். எங்களுக்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. நன்றி கூறினேன்.

அப்போது மேலாளர் வந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் நான்கு பேனாக்களும் இடுப்பில் ஒரு சாவிக்கொத்தும் உடைய, அன்பான மனிதர். அலமாரியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அதுல என்னங்க இருக்கு?"

"புகார்ப் பதிவேடு சார். நாப்பத்தி மூணு. எல்லாம் விருந்தினர் கைப்பட எழுதினது."

"எதைப் பத்தின புகார்?"

"பெரும்பாலும் அந்த அலமாரியைப் பத்தித்தான்."

அவரே விளக்கினார். "தீராத புகாரை இடம் மாத்தக் கூடாதுன்னு விதி இருக்கு சார். அலமாரியை நகர்த்தணும்னா புகாரெல்லாம் தீரணும். புகாரெல்லாம் தீரணும்னா அலமாரி நகரணும். ரெண்டுல எதை முதல்ல செய்யறதுன்னு மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருக்கோம்."

"எப்போ கேட்டீங்க?"

"பன்னெண்டு வருஷமாச்சு. பதில் வந்துடும். நல்ல மனுஷங்க."

"வேற அறை ஏதாவது…"

"மூணாம் மாடியில கடல் பக்கமெல்லாம் மெத்தை அடுக்கியிருக்கு. நாலாம் மாடி மண்டல இயக்குநர் வந்தா தங்குற அறை. அதுல கடல் ரொம்ப நல்லா, முழுசாத் தெரியும். அவர் திரையை இழுத்துவிட்டுத்தான் தூங்குவார். வெளிச்சம் ஆகாது அவருக்கு."

மேலே வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எழுவாய் பற்றியும் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே, "அந்த அலமாரி குடுத்துவெச்சது" என்றாள். "முதுகைக் காட்டிக்கிட்டு நின்னாலும் கடற்கரையிலதானே நிக்குது."

கரைக்கு நடந்து போகலாமா என்று கேட்டேன். "நடந்து போய், நின்னு பார்க்கிறதுக்கு நம்ம வீட்டுப் பக்கத்துல ஏரி இருக்குங்க" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்தபோது என்னை மெல்லத் தட்டினாள். அவள் தலை, கால் வைக்கும் பக்கத்தில் இருந்தது. இரவில் எப்போதோ திரும்பிப் படுத்திருக்கிறாள்.

"ஏங்க, சத்தம் போடாம இப்படி வந்து படுங்க."

சென்று படுத்தேன். அலமாரிக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. நான்கு விரல் அகலம் இருக்கும். நின்றால் தெரியாது, உட்கார்ந்தாலும் தெரியாது. அந்தக் கட்டிலில், அந்தப் பக்கமாகத் தலைவைத்துப் படுத்தால் மட்டுமே தெரிந்தது. அதில் தரை முதல் கூரை வரை நீலம் நின்றது. கீழ்ப் பாதி அசைந்தது. மேல் பாதி அசையவில்லை. அவள் கையை நீட்டி, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே விரல்களை வைத்து அளந்து காட்டினாள்.

"அசையுது பாருங்க, அதுதான் கடல்."

ஒரு படகு வந்தது. முழுப் படகு அதில் கொள்ளவில்லை. முன்பாதி தோன்றி மறைந்தது. பின்பாதி வருவதற்குள் அது திசை திரும்பியிருக்க வேண்டும், வரவேயில்லை. "பாதி போதும்" என்றாள். எட்டரை மணி வரை அவள் எழவில்லை. நான் கீழே சென்று தேநீர் வாங்கி வந்தேன். தலையை மட்டும் தூக்கிக் குடித்துவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டாள். எங்கள் இல்லற வாழ்வில் அவள் படுத்தபடி தேநீர் குடித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"இதே போதுங்க. நாளைக்கும் இப்படியே படுத்துக்கிறேன்."

"நீ கேட்டது கடல். இது வெறும் கோடு."

"கோடோ கடலோ, எந்திரிக்காம பார்த்தேனா இல்லையா? விடுங்க." பிறகு எதையோ நினைத்துக்கொண்டவள்போல் என்னை உற்றுப் பார்த்தாள். "ஏங்க, நீங்க எதையும் எழுதிக்கிழுதி வெச்சிடாதீங்க."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. முப்பத்தோராண்டுகள் ஊரார் குழாய்களுக்காக எழுதியவன், மனைவியின் ஒரே ஆசைக்காக ஒரு தாள் எழுதக் கூடாதா? மேலாளரிடம் சென்று, புகார் எழுத வேண்டும் என்றேன். பதிவேடு நிறைந்துவிட்டது என்று சொல்லி ஒரு வெள்ளைத் தாள் தந்தார். உணவுக்கூடத்தின் மூலையில் அமர்ந்து, மூன்று முறை அடித்துத் திருத்தி, நான்காம் முறை படியெடுத்தேன். என் வாழ்நாளில் நான் எழுதியவற்றுள் மிகக் கடுமையான கடிதம் அது. முழுமையாகத் தருகிறேன்:

'பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் இல்லத்தில் எங்களுக்கு வாய்த்த கடற்காட்சி, நான்கு விரல் அகலமே ஆயினும், எங்கள் நெஞ்சை நிறைத்தது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அக்காட்சி இன்னும் சற்றே அகலுமாயின், எங்கள் நன்றியும் அவ்வண்ணமே அகலும். இதனைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவரும் துணிவைப் பொறுத்தருள்க. பணிவன்புடன்.'

இரண்டாவது 'அகலும்' என்பதற்கு 'நீங்கிப்போகும்' என்றும் பொருள் கொள்ளலாமே, அச்சுறுத்துவதுபோல் ஆகிவிடுமோ என்று சிறிது நேரம் அஞ்சினேன். பிறகு இருக்கட்டும் என்று துணிந்துவிட்டேன்.

மேலாளர் நின்றபடி படித்தார். பின்னர் அமர்ந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"இருபது வருஷமா இங்க இருக்கேன் சார். 'நெஞ்சை நிறைத்தது'ன்னு ஒருத்தர் எழுதி நான் பார்த்ததில்லை."

"அடுத்த வாக்கியத்தையும் தயவுசெஞ்சு…"

"அதுவும் பிரமாதம்! நன்றி அகலும்! எவ்வளவு பெரிய மனசு இருந்தா இப்படி வரும்?" என்று கூவிவிட்டு, "யோவ், இயக்குநருக்குப் போனைப் போடுய்யா! பாராட்டு வந்திருக்குன்னு சொல்லு!" என்று வரவேற்பாளரை விரட்டினார்.

"பாராட்டா? நமக்கா? தப்பா வந்திருக்கும் சார், பக்கத்து விடுதிக்கு இருக்கும்" என்றார் வரவேற்பாளர்.

நான் அது பாராட்டு அல்ல என்று சொல்ல விரும்பினேன். ஆனால் கண்ணீர் துடைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் அதைச் சொல்வதற்கேற்ற வாக்கியம் எதுவும் என்னிடம் இல்லை.

மாலை நான்கு மணிக்கு விழா. சன்னல் இல்லாத கூடத்தில் ஒரு மேடை போட்டு, அதன் பின்னால் கடல் வரைந்த திரை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். உண்மையான கடல் அந்தச் சுவருக்கு அப்பால் இரைந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் கலக்கிறதென்று கதவுகளையும் சாத்தினார்கள். மனைவியும் நானும் மேடையில் அமர்த்தப்பட்டோம். அவள் கையில் ஒரு நெகிழிப் பூங்கொத்தைத் தந்தார்கள்.

"என்ன எழுதினீங்க?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"குறைதான் எழுதினேன்."

"குறை எழுதினா பூ குடுப்பாங்களா?"

"கொஞ்சம் மரியாதையா எழுதினேன்."

"அய்யோ" என்றாள்.

மண்டல இயக்குநர் எழுந்தார். பருத்த உடலும் கனிந்த குரலும் உடையவர். அவர் பேசியதை இயன்றவரை அப்படியே தருகிறேன்.

"இந்த வாரியத்தை ஆரம்பிச்சப்போ விருந்தினர் வருவாங்கன்னு நாங்க யாரும் எதிர்பார்க்கலை. அதுக்கான ஏற்பாடு எதையும் செய்யவும் இல்லை. அப்படி இருந்தும் வந்தாங்க! வந்தவங்க சும்மா இருந்தாங்களா? புகார் எழுதினாங்க. நாங்க கோவப்பட்டோமா? நாப்பத்தி மூணு பதிவேட்டுல ஒண்ணையாவது கிழிச்சுப் போட்டோமா? படிக்கலையே தவிர, பத்திரமா வெச்சிருக்கோம்!"

கைதட்டினார்கள்.

"கடலைக் காட்டு, கடலைக் காட்டுன்னு கேக்குறாங்க. கடல் நம்ம சொத்து. ஆளாளுக்குப் பார்த்துக்கிட்டே இருந்தா அது என்னத்துக்கு ஆகும்? எனக்கு முழுக் கடலும் தெரியுற அறை இருக்கு. நான் பார்க்கிறேனா? ஒரு நாள் பார்த்ததில்லை! பொறுப்புல இருக்கிறவன் அப்படித்தான் இருக்கணும். இந்தப் பெரியவர் நமக்கு வழி காட்டியிருக்கார். நாலு விரலே நெஞ்சை நிறைக்குதாம். அப்போ மிச்சக் கடல் வீண்தானே? இன்னையிலேர்ந்து எல்லா விடுதியிலயும் நாலு விரல் திட்டம். அதுக்கு மேல தெரியுற சன்னலை எல்லாம் அளந்து அடைச்சுடுவோம்!"

முன்வரிசையில் இருந்த இன்னொரு தம்பதியர், தங்கள் அறைச் சாவியை ஒரு முறை பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்கள்.

பின்னர் இயக்குநர் எனக்குச் 'சிறந்த விருந்தினர்' என்ற சான்றிதழை வழங்கி, இரண்டு சலுகைகளை அறிவித்தார். முதலாவது: என் கடிதம் வாரியத்துக்கு வந்த முதல் பாராட்டு என்பதால், புகார்களோடு வைத்தால் கெட்டுவிடும், அதற்குத் தனியாக ஒரு அலமாரி. இரண்டாவது: நாளைக் காலை எங்களுக்குச் சிறப்பு உபசரிப்பு; என்னவென்று இப்போது சொல்ல மாட்டார்களாம்.

என்னைப் பேச அழைத்தார்கள். "எல்லாருக்கும் என் பணிவான நன்றி. கூடவே ஒரு சிறு விண்ணப்பம்…" என்று தொடங்கினேன். 'நன்றி' என்றதுமே தொடங்கிய கைதட்டல், நான் அமரும்வரை ஓயவில்லை. மேடையைவிட்டு இறங்கும்போது வரவேற்பாளர் மனைவியிடம் கையை நீட்டினார். "அந்தப் பூவைக் குடுத்துடுங்கம்மா. அது ஒண்ணுதான் இருக்கு."

அறைக்கு வந்தோம். புது வண்ண வாடை வீசியது. சாம்பல் நிற அலமாரியை ஒட்டி, சுவரோடு சுவராக, பச்சை நிறத்தில் ஓர் ஒல்லியான அலமாரி நின்றது. அளந்து செய்ததுபோல் அந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது. நாற்பத்து மூன்று பதிவேடுகள் வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், அதற்குள் என்னுடைய ஒற்றைத் தாள் இருந்தது. மேலாளர் அதன் காலடியில் குனிந்து, கரண்டியால் சிமெண்டைக் கடைசியாக வழித்துப் பூசிக்கொண்டிருந்தார்.

"உங்க கையெழுத்துப் பக்கத்துலயே நீங்க தூங்கப்போறீங்க சார். யாருக்குக் கிடைக்கும்? சிமெண்ட் ஈரமா இருக்கு, நாளைக்கு வரைக்கும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு, கால்மாட்டில் தலைவைத்துப் படுத்துப் பார்த்தாள். பச்சையாக இருந்தது. பிறகு எழுந்து வந்து அலமாரியின் காலருகே குனிந்தாள்.

"இன்னும் ஈரமாத்தான் இருக்கு" என்றாள்.

"ஆமா."

"ஒல்லியா வேற இருக்கு. ரெண்டு பேர் தள்ளினா நகரும்."

"தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே" என்றேன்.

அவள் என்னைச் சிறிது நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அதற்கான வாக்கியங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. கோபம் இல்லை. சிமெண்டு உலர்வதற்கு இன்னும் பல மணி நேரம் இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"சரி, போகட்டும்" என்றாள். "கடல் இல்லைன்னா என்ன? காலையில எந்திரிக்காமலாவது கிடக்கிறேன். அது பாதி ஆசை. எட்டரை வரைக்கும் என்னை எழுப்பாதீங்க."

"எழுப்ப மாட்டேன்" என்றேன். அதை நான் காப்பாற்றினேன்.

மறுநாள் ஐந்தரை மணிக்கு எங்கள் கதவுக்கு வெளியே மணி அடித்தது. பித்தளை மணி. ஒரு முறை, பின்பு இரண்டு முறை. அதுதான் சிறப்பு உபசரிப்பு: சிறந்த விருந்தினரை மேலாளரே நேரில் வந்து துயிலெழுப்புவது.

முதல் மணி ஓய்வதற்குள் என் மனைவி எழுந்துவிட்டாள். கண் திறக்கவில்லை. கால்கள் செருப்பைத் தேடின. "வந்துட்டேன் மாமா" என்று சொல்லிக்கொண்டே தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டினாள். கை பச்சை அலமாரியில் முட்டியது. அங்கேயே நின்றாள்.

"காலை வணக்கம்!" என்று கதவுக்கு வெளியே மேலாளரின் குரல் கேட்டது. "நல்லாத் தூங்கினீங்களா?"

அவள் திரும்பி வந்து படுக்கவில்லை. போர்வையை நான்காக மடித்தாள். வாளி நிறைந்திருந்தது, அதைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள். ஏழு மணிப் பேருந்தில் நாங்கள் திரும்பினோம். பேருந்து கடலோரமாகத்தான் சென்றது. எங்கள் இருக்கை மறுபக்கத்தில் இருந்தது. சன்னலோரம் இருந்தவரிடம் இடம் மாறிக்கொள்ளக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்பதற்கேற்ற வாக்கியத்தை அமைத்து முடிப்பதற்குள் சாலை உள்பக்கம் திரும்பிவிட்டது.

நான்காம் நாள் அவள் மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். இந்த மூன்று நாட்களில் எங்களுக்கு நேர்ந்த இழப்புகளின் விவரம் பின்வருமாறு.

கடல், நான்கு விரல் அகலம்.
படகு, பாதி.
முன்வரிசையில் இருந்த தம்பதியரின் சன்னல், அளவு தெரியவில்லை.
என் மனைவி எழுந்திராமல் கிடந்திருக்க வேண்டிய காலை, ஒன்று.